அட்டைக்கு ஒரு முகம்

பயணத்துக்கு முந்தைய நாள் மாலையில் அண்ணி என்னிடம் இரண்டு பொருள்களை ஒப்படைத்தார். முதலாவது, அண்ணனுடைய மாத்திரைப் பெட்டி. நான்கு நாள்களுக்குரிய பன்னிரண்டு அறைகளும் அதில் நிரப்பப்பட்டிருந்தன. இரண்டாவது, நீல நாடா கோத்த ஓர் அடையாள அட்டை. அண்ணனின் பெயர், வீட்டு முகவரி, அண்ணியின் எண், என் எண், "இவருக்கு ஞாபக மறதி உண்டு, தனியாகக் கண்டால் அழைக்கவும்" என்னும் வேண்டுகோள் ஆகிய அனைத்தும் அதில் அச்சாகியிருந்தன. மேல் மூலையில் ஒரு சதுரம் மட்டும் வெள்ளையாக விடப்பட்டிருந்தது.

"இதுல ஒட்டறதுக்கு மூஞ்சி தெரியற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துட்டு வாங்க தம்பி. அது போதும் எனக்கு. மத்தபடி நீங்க மலையை எடுங்க, மரத்தை எடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றார் அண்ணி.

"வீட்ல இருக்கற படம் ஏதாவது ஒட்டலாமே அண்ணி?"

"எல்லாத்துலயும் தொப்பையும் மீசையுமா இருக்காரு. இப்ப இருக்கற ஆளைப் பாத்தா அந்தப் படத்தோட தம்பின்னு கூட யாரும் சொல்ல மாட்டாங்க."

"அப்ப தெரு முனை ஸ்டுடியோவுல ரெண்டு நிமிஷ வேலை. நான் எடுக்கறது வேற மாதிரி படம்."

"ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த லைட்டைப் போட்டதும் பயந்துட்டாரு. உங்ககிட்டன்னா சொன்னதைக் கேப்பாரு. எடுத்துட்டு வாங்க. படம் ஒட்டற வரைக்கும் அட்டை சும்மாவே கழுத்துல கிடக்கட்டும், கழட்டாதீங்க."

பயணத்தின் மூன்றாம் நாள் காலையில் அண்ணிக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. உடன் இருக்க அவருடைய தங்கை வந்துவிட்டார். அண்ணனைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. நானோ ஏற்கெனவே பயணத்துக்கு விடுப்பு எடுத்திருந்தேன். எனவே அவரையும் அழைத்துச் செல்வது எல்லோருக்கும் வசதியான ஏற்பாடு என்று முடிவாயிற்று. அது எனக்கு எவ்வளவு வசதியான ஏற்பாடு என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இவ்விடத்தில் என்னைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு ஆண்டுகள் நாள்தோறும் பயணம் செய்திருக்கிறேன். ஆயினும் அப்பயணம் முழுவதும் மேலும் கீழுமாகவே அமைந்துவிட்டது. ஐம்பத்தாறாம் வயதில், பிறர் பயன்படுத்திய கேமரா ஒன்றையும் பயண ஒளிப்படக்கலை பற்றிய முந்நூற்று நாற்பது பக்கக் கையேடு ஒன்றையும் வாங்கினேன். கையேட்டை மூன்று வண்ண மையால், அடிக்கோலை வைத்து நேராகக் கோடிட்டுப் படித்தேன். பள்ளியில் எந்தப் பாடத்தையும் அவ்வாறு படித்தவன் அல்லன். இளமையில் கற்பவனுக்குப் பிழை செய்ய நேரம் இருக்கிறது. பிந்திக் கற்பவன் ஒவ்வொரு விதியையும் கைப்பிடிக் கம்பியைப் போல இறுகப் பற்றிக்கொள்கிறான். நான் அவ்வாறே பற்றிக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் எங்கள் பகுதியில் பொழுதுபோக்கு ஒளிப்படக்காரர்கள் அறுவர் கூடுவோம். குழுத் தலைவர் ஒரு பல் மருத்துவர். ஒருமுறை, நூலகப் படிக்கட்டில் அண்ணன் ஏறிச் செல்வதைப் பின்னாலிருந்து எடுத்த படத்தை அங்கே வைத்தேன். பல் மருத்துவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முகம் இருந்தா அது அந்த ஆளோட படம். முகம் இல்லன்னா அது பயணத்தோட படம். இதுதான் படம்!" அந்த ஆண்டின் சிறந்த படம் என்று அதற்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அதைச் சட்டமிட்டு என் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன்.

அன்று முதல் அண்ணன் என் படங்களின் மனித உருவம் ஆனார். பரந்த காட்சியின் அளவைப் பார்ப்பவனுக்கு உணர்த்துவதற்குச் சிறிய மனித உருவம் ஒன்று தேவை என்பது கையேட்டின் ஏழாம் அத்தியாயம். அவ்வேலைக்கு அண்ணனை விடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. அவர் நாற்பதாண்டுத் தையற்காரர். கடையில் அளவெடுக்கும்போது, "திரும்புங்க. கையைத் தளர விடுங்க. நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க" என்று ஆயிரக்கணக்கானோரை நிற்க வைத்தவர். நிற்பது எப்படி என்பதை அவர் அறிந்திருந்தார். மற்றவை ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போனபோதும் அது போகவில்லை. கழுத்தில் போட்ட மஞ்சள் அளவு நாடாவும் போகவில்லை. உறங்கும்போது மட்டுமே அதைக் கழற்றுவார்.

எங்களுக்குள் ஒரு முறை ஏற்பட்டிருந்தது. நான் கேமராவைத் தூக்கியதும் அவர் திரும்பி நிற்பார். படம் முடிந்ததும் கேமராவை மார்புக்கு இறக்கி, "திரும்பலாம் அண்ணா" என்பேன். அவர் திரும்பிப் புன்னகைப்பார்.

"சரியா நின்னேனா?"

"தச்ச மாதிரி நின்னீங்க."

இந்தப் பதில் அவருக்குப் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் முதன்முறை கேட்பவரைப் போலவே மகிழ்வார்.

நாங்கள் சென்ற ஊர் ஒரு நீண்ட கால்வாயின் கரையில் அமைந்திருந்தது. முதல் இரண்டு நாள்களும் பாலம், கோபுரக் கடிகாரம், ஈரக் கற்கள் பாவிய சந்து, காலைப் பனியில் படகுத்துறை எனப் பலவற்றை எடுத்தேன். எல்லாவற்றிலும் அண்ணன் தமக்குரிய இடத்தில் நின்றார். கடைத்தெருவில் தையற்கடைகள் வரிசையாக இருந்தன. இரண்டாம் நாள் மாலை அவற்றுள் ஒன்றின் முன்னே அரை மணி நேரம் நின்று, "காலர் மடிப்பைப் பாரு தம்பி, அவசரம் அவசரமாப் பண்ணியிருக்கான்" என்று குறை சொன்னார். அன்று அவர் தெளிவாக இருந்தார். அன்று இரவு நான் அண்ணியின் அட்டையை நினைத்தேன். நாளைக்கு நல்ல வெளிச்சம் இருக்கும், நாளைக்கு எடுப்போம் என்று எண்ணி உறங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் கால்வாய்க்கரைப் பாதைக்குச் சென்றோம். பாதை நேர்க்கோடாக நீண்டு, இருபுறமும் ஒரே அளவான மரங்களுடன், தொலைவில் ஒரு புள்ளியாய்க் குறுகியது. பார்வையை உள்ளே இழுத்துச் செல்லும் கோடுகள் பற்றிக் கையேட்டில் பதினோராம் அத்தியாயம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது; அதற்காகவே அமைத்த பாதை போல் அது இருந்தது. ஒரே குறை, அண்ணனின் கழுத்திலிருந்த நீல நாடா. பச்சையும் பழுப்புமான அக்காட்சியில் அந்த நீலம் கண்ணை உறுத்தியது. அதைக் கழற்றி, அட்டையோடு என் பையில் வைத்தேன். அளவு நாடாவையும் கழற்றக் கை நீட்டினேன்; அதை அவர் விடவில்லை. சரி, மஞ்சள் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

"அண்ணா, நேரா நடங்க. மெதுவா. நான் சொல்ற வரைக்கும் திரும்பாதீங்க."

"எது வரைக்கும்?"

"சொல்ற வரைக்கும்."

அவர் நடந்தார். ஒன்பது நாற்பத்திரண்டுக்குக் கடைசிப் படத்தை எடுத்தேன். நேரத்தை நான் நினைவில் வைத்துச் சொல்லவில்லை. கேமரா பதிந்து வைத்திருக்கிறது. படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது வானத்தில் ஒரு சாம்பல் புள்ளி தெரிந்தது. உள்ளே தூசி விழுந்திருந்தது. லென்ஸைக் கழற்றும்போது காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும் என்பது விதி. காற்று அண்ணன் போன திசையிலிருந்து வந்தது. எனவே அத்திசைக்கு முதுகைக் காட்டிக் குந்தி அமர்ந்து, மடியில் துணி விரித்து, ரப்பர் ஊதியால் தூசியை ஊதினேன். லிஃப்ட் வேலையில் பழகிய கை, அவசரப்படாது. லென்ஸை மீண்டும் பொருத்தி எழுந்து, புள்ளி போயிற்றா என்று அறிய அதே பாதையை மீண்டும் ஒரு படம் எடுத்தேன். திரையில் பெரிதாக்கினேன். வானம் மாசற்றிருந்தது. கோடுகள் நேராக இருந்தன. மனித உருவம் இல்லை.

அந்தப் படத்தின் நேரம் ஒன்பது ஐம்பத்தேழு.

நான் ஓடினேன். பாதையில் எவரும் இல்லை. சிறிது தொலைவில் சாலைப் பாலம் ஒன்று கால்வாயைக் கடந்தது. அதன் பக்கவாட்டில் கடைத்தெருவுக்கு ஏறும் படிகள். பாதையோ பாலத்தின் அடியில் நுழைந்து அப்பால் வளைந்து மறைந்தது. அந்த இடத்தில் நான் நின்று சிந்தித்தேன். ஒரு பழுது நேர்ந்தால் முதலில் சிந்திக்க வேண்டும் என்பது என் தொழில் கற்பித்த பாடம். மேலே தையற்கடைகள் இருந்தன. நேற்று அரை மணி நேரம் அங்கே நின்றார். அவர் அங்கேதான் சென்றிருப்பார். என் சிந்தனையில் எந்தக் கட்டத்திலும் எனக்குக் குறை தென்படவில்லை. படிகளில் ஏறினேன்.

ஒன்பது தையற்கடைகள். ஒவ்வொன்றிலும் கேட்டேன்.

"எப்படி இருப்பாரு?"

"வயசானவர். ஒல்லியா. கழுத்துல டேப் போட்டிருப்பாரு."

"இங்க எல்லார் கழுத்துலயும் டேப்தான் இருக்கு" என்றார் ஒரு தையற்காரர். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நானும் வேறொரு நாளில் சிரித்திருப்பேன்.

கடைத்தெருவை மூன்று முறை சுற்றினேன். விடுதிக்குச் சென்று பார்த்தேன். பேருந்து நிற்கும் இடங்களில் பார்த்தேன். கழிப்பறைகளின் கதவுகளைத் தட்டி "அண்ணா" என்று அழைத்தேன்; உள்ளிருந்து யார் யாரோ பதில் சொன்னார்கள். லிஃப்ட் இடையில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களிடம் "பதறாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்வேன். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அதைச் சொல்வதற்கு ஒரு கதவு கூட இல்லை.

அண்ணியின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. அந்நேரத்தில் அவர் அறுவை அறையில் இருந்திருப்பார். அது அணைந்திருந்ததில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்று எண்ணினாலும் வெட்கமாக இருக்கிறது. நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு அழைத்து, "அவர்கிட்ட குடுங்க" என்பது அவர் வழக்கம். இன்றும் எப்படியும் அழைப்பார். ஆறு மணிக்கு நான் யாரிடம் கொடுப்பது?

மூன்றரை மணிக்குக் காவல் நிலையத்துக்குச் சென்றேன். எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

"வயசு?"

"அறுபத்தெட்டு."

"உயரம்?"

ஊருக்கே அளவெடுத்தவர் அண்ணன். அவருடைய அளவு எனக்குத் தெரியவில்லை. "என் காது வரைக்கும் இருப்பாரு" என்றேன்.

"உங்க காது எவ்வளவு உயரம்னு எழுத இதுல இடம் இல்லை சார். மச்சம், தழும்பு ஏதாவது?"

"கன்னத்துல ஒரு மச்சம்."

"எந்தக் கன்னம்?"

"இடது." பின்னர், "இல்லை, வலது" என்றேன். பிறந்தது முதல் பார்த்துவரும் முகம் அது.

எழுத்தர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "சரி விடுங்க. படம் ஏதாவது இருக்கா? சமீபத்துல எடுத்தது?"

"இருக்கு." என் குரலில் அப்போதும் சிறிது பெருமிதம் கலந்திருந்தது. "அறுநூத்திப் பன்னிரண்டு."

"அட, அப்புறம் என்ன கவலை! காமிங்க."

அவர் நாற்காலியை இழுத்து என் அருகில் போட்டார். நான் கேமராவின் பின்திரையை ஒளிரச் செய்து, முதல் படத்திலிருந்து தொடங்கினேன்.

பாலமும் ஒரு முதுகும். கோபுரமும் ஒரு முதுகும். பனியில் கரிய நிழலுருவம். சுவரில் நீண்டு கிடந்த நிழல் மட்டும். குடைக்குக் கீழே இரண்டு கால்கள். ஈரக் கல்லில் தலைகீழ்ப் பிம்பம். முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சருகு ஒட்டிக் கிடந்தது.

"இது ஆளா, மரமா?"

"அவர்தான். அளவு தெரியறதுக்காக ஆளைச் சின்னதா வெச்சு எடுப்பாங்க."

"இது என்ன, பேய் மாதிரி கலங்கிப் போயிருக்கு?"

"ஷட்டரை மெதுவா வெச்சு, நடக்கறவரைக் கலங்கலா எடுக்கறது. அது ஒரு உத்தி."

"வேணும்னே கெடுத்தீங்களா?"

நான் அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்தினேன். முதுகு. முதுகு. பாதிக் கை. முதுகு. நூறைக் கடந்தோம். இருநூறைக் கடந்தோம். எழுத்தர் கேலியை நிறுத்திவிட்டார். அது கேலியை விடக் கொடிதாக இருந்தது.

முந்நூற்றுச் சொச்சத்தில் திடீரென்று ஒரு முகம் தோன்றியது. துல்லியமான முகம், இமைமயிர் வரை எண்ணலாம். எழுத்தர் துள்ளி நிமிர்ந்தார். "இவர்தானா?"

"அது நான். தூசி இருக்கான்னு லென்ஸைப் பாத்தப்ப கை பட்டு அழுந்திடுச்சு."

அறுநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று முப்பத்தெட்டுப் படங்களில் அண்ணன் இருந்தார். ஒன்றில்கூட முகம் இல்லை. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அவர் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்திருக்கிறார். இருநூற்று முப்பத்தெட்டுப் புன்னகைகள். அவை அனைத்தும் நான் கேமராவை இறக்கிய பின்பே நிகழ்ந்தன. அவற்றைத் திரும்பப் பெறும் பொத்தான் எந்தக் கேமராவிலும் இல்லை.

எழுத்தர் எழுந்து ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மீண்டும் படிவத்தின் முன் அமர்ந்தார்.

"முதுகை வெச்சு ஊர் பூரா எப்படித் தேடச் சொல்றது? சரி, மிச்சத்தை எழுதுவோம். கடைசியா அவர்கிட்ட என்ன பேசினீங்க? கோவிச்சுக்கிட்டாரா, சண்டை ஏதாவது?"

"அதெல்லாம் இல்லை. நேரா நடங்க, நான் சொல்ற வரைக்கும் திரும்பாதீங்கன்னு சொன்னேன்."

எழுத்தர் எழுதினார். எழுதியதைத் தாமே ஒருமுறை படித்தார். பின்னர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார்.

"நீங்க சொன்னா கேப்பாரா?"

"நான் சொன்னா அப்படியே கேப்பாரு."

"அப்புறம் எதுக்குக் கடைத்தெருவுல தேடினீங்க?"

பாலத்தினடியில் நான் சிந்தித்தவை அனைத்தும் அண்ணனுக்கு எது பிடிக்கும் என்பதைப் பற்றியவை. நான் என்ன சொன்னேன் என்பதை நான் சிந்திக்கவே இல்லை.

எழுத்தர் தம் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். பாலத்தினடியில் நுழைந்து கால்வாய்க்கரையில் சென்றோம். படகுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த ஒருவரிடம் வண்டியை நிறுத்தி, கேமராவில் ஒரு முதுகைக் காட்டச் சொன்னார். காட்டினேன். காலருக்குக் கீழே மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது.

"டேப் போட்ட பெரியவரா? காலையிலயே இப்படிப் போனாரே. வெயிலா இருக்கே, தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னு கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலை. என்ன திமிருன்னு நினைச்சேன்."

"முகத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இல்லை. முதுகைத்தான் பாத்தேன்."

பாதை ஒரு மதகில் முடிந்தது. மேலே செல்ல இயலாதபடி ஆளுயர இரும்புக் கதவு ஒன்று பூட்டப்பட்டிருந்தது. கதவுக்கு ஒரு முழத் தொலைவில், அதைப் பார்த்தவாறு, அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கைகள் தளர்ந்து தொங்கின. தோள்கள் நேராக இருந்தன. காற்சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்திருந்தது. புறப்பட்ட நேரத்தையும் அவருடைய நடையையும் வைத்துப் பின்னர் கணக்கிட்டேன். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் அங்கே நின்றிருக்கிறார்.

"பெரியவரே!" என்று அழைத்தார் எழுத்தர்.

அவர் திரும்பவில்லை.

"அண்ணா!"

அப்போதும் திரும்பவில்லை. ஆனால் தோள்கள் இன்னும் சிறிது நிமிர்ந்தன. "வந்துட்டியா தம்பி?" என்று கதவைப் பார்த்தே கேட்டார். குரல் வறண்டு உடைந்திருந்தது. "இப்ப திரும்பலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எழுத்தரே சொன்னார்: "திரும்புங்க ஐயா. படம் முடிஞ்சிடுச்சு."

"நீங்க சொல்லாதீங்க. அவன் சொல்லணும்."

"திரும்பலாம் அண்ணா."

திரும்பினார். உதடுகள் வெடித்திருந்தன. ஒரு கன்னம் வெயிலில் சிவந்திருந்தது. மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.

"சரியா நின்னேனா?"

அவருக்குப் பிடித்த பதிலை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டி, "பெரிய படம் போல. ரொம்ப நேரம் எடுத்துக்கிட்ட. யார் யாரோ கூப்பிட்டாங்க, நான் அசையலை" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஆறு மணிக்கு அண்ணி அழைத்தார். அறுவை நன்றாக முடிந்தது என்றும் கட்டைப் பத்து நாள் அவிழ்க்கக் கூடாது என்றும் சொன்னார். "அவர்கிட்ட குடுங்க." கொடுத்தேன். விடுதிக் கட்டிலில், வெந்நீர் வாளிக்குள் இரண்டு பாதங்களையும் வைத்தபடி, அண்ணன் அவரிடம், "இன்னைக்கு ரொம்ப தூரம் நடந்தேன். தம்பி நல்லா எடுத்தான்" என்றார். தொலைபேசி மீண்டும் என்னிடம் வந்தது.

"அட்டைக்கு எடுத்தீங்களா தம்பி?"

"நாளைக்கு எடுத்துடறேன் அண்ணி."

மறுநாள் காலையில் வெளிச்சம் சன்னல் வழியே மிருதுவாக வந்தது. முகம் எடுப்பதற்கு அதைவிடச் சிறந்த வெளிச்சம் இல்லை என்று கையேடு கூறும். அண்ணன் கட்டில் விளிம்பில் அமர்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நான் கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினேன். அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார், எழுந்தார், சுவரைப் பார்த்துத் திரும்பி, கைகளைத் தளர விட்டு நின்றார்.

"இல்லை அண்ணா, இன்னைக்கு இந்தப் பக்கம் பாருங்க. முகத்தை எடுக்கப் போறேன்."

"சரி."

"திரும்பலாம் அண்ணா."

அவர் தலையை மட்டும் சிறிது சாய்த்தார். கண்கோடியால் கேமரா என் முகத்தின் முன் இருப்பதைக் கண்டார். "நீ இன்னும் முடிக்கலையே" என்று மீண்டும் சுவரைப் பார்த்தார். கேமராவை இறக்கினேன். உடனே திரும்பிப் புன்னகைத்தார். தூக்கினேன், முதுகு. இறக்கினேன், முகம். மேசையில் கேமராவை வைத்துத் தானாக எடுக்கும்படி அமைத்தேன். அதன் சிறு சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் எழுந்து திரும்பிவிட்டார். அவர் தவறு எதுவும் செய்யவில்லை. ஈராண்டுகள் நான் பொறுமையாகக் கற்பித்ததை அவர் முழுமையாகக் கற்றிருந்தார். மற்றவற்றை மறந்த மனம் இதை மட்டும் மறக்க மறுத்தது.

ஊர் திரும்பியதும் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் கட்டுடன், நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து கேட்டார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். நான் முடித்த பிறகு நாடாவைப் பற்றி மட்டுமே கேட்டார்.

"நாடாவைக் கழட்டினீங்களா?"

"ஆமா அண்ணி."

"நிறம் பொருந்தலைன்னா?"

"ஆமா."

அண்ணி மேசை மேலிருந்த தம் கைப்பேசியைத் தடவி எடுத்தார். "வாங்க, நான் எடுக்கறேன். என்னைப் பாத்தா நிப்பாரு" என்றார். மூடாத ஒற்றைக் கண்ணருகே கைப்பேசியை உயர்த்தினார். பக்கத்து நாற்காலியில் ஒரு பழைய சட்டையின் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். சட்டையை மடித்து வைத்தார். எழுந்து சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அண்ணியின் கை அப்படியே நின்றது. "எனக்குமா?" என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

இது நடந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. அண்ணியின் கட்டு அவிழ்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கேமராவை எடுத்துக்கொண்டு அங்கே செல்கிறேன். கதவு இடுக்கில் மறைந்து நின்று முயன்றேன், கண்டுகொண்டார். தூங்கும்போது எடுத்தேன். வாய் திறந்து, கண் மூடி, அளவு நாடா இன்றிப் படுத்திருந்த அந்த முகத்தை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு, "இதை அழிச்சிடுங்க" என்றார் அண்ணி. அழித்தேன்.

சென்ற வாரமும் முயன்றேன். அண்ணன் கூடத்தின் நடுவில் முதுகைக் காட்டி நின்றார். கழுத்தில் மஞ்சள் நாடா, அதன் மேல் நீல நாடா. நீல நாடாவை அண்ணி இரட்டை முடிச்சிட்டிருந்தார். அட்டை முன்புறம் தொங்கியது; அதன் வெள்ளைச் சதுரம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

"சரியா நிக்கிறேனா தம்பி?"

"தச்ச மாதிரி நிக்கிறீங்க அண்ணா."

"திரும்பச் சொல்லுங்க, கால் வலிக்கும்" என்றார் சமையலறையிலிருந்து அண்ணி.

நான் கேமராவை இறக்கி மேசையின் மேல் வைத்தேன். லென்ஸை மூடினேன். பிறகு சொன்னேன். அவர் திரும்பினார்.